சிங்கப்பூர்ச் சீவியம்

உலகத்து மாநகரங்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி, வாழ்வதற்கு ஏற்றது எது, செலவு மிகுந்தது எது என்று தீர்ப்புக் கூறும் வழக்கம் ஒன்று நம் காலத்திலே நன்கு வேரூன்றிவிட்டது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் பாடசாலை வாயிலிலே எத்துணை ஆரவாரம் உண்டோ, அத்துணை ஆரவாரம் இப்பட்டியல்கள் வெளியாகும்போது பத்திரிகைகளிலே காணப்படுகின்றது. இலண்டனிலிருந்து வெளிவரும் 'எக்கொனமிஸ்ற்' சஞ்சிகையைச் சார்ந்த ஆய்வுப் பிரிவு இவ்விரு பட்டியல்களையும் தனித்தனியே வெளியிடுகின்றது. மேர்சர் என்னும் ஆலோசனை நிறுவனமும் இவ்வகைப் பட்டியல்களைத் தயாரிக்கின்றது.

இவற்றிலே சிங்கப்பூர் பெற்றுள்ள இடங்களை ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு வியப்புத் தோன்றும். செலவுப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு தோக்கியோ நகரைப் பின்தள்ளி அது முதலிடத்துக்கு வந்தது. 2019இல் பாரிஸ், ஹொங்கொங் ஆகிய நகரங்களோடும், 2022இல் நியூயோர்க்கோடும், 2023இல் சூரிச்சோடும் அம்முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஆயினும் அதே ஆய்வுப் பிரிவினர் வெளியிடும் வாழத்தக்க நகரங்களின் பட்டியலிலே, முதற் பத்து இடங்களுள் சிங்கப்பூரைக் காண்பதற்கில்லை. அங்கே 2011 முதல் 2017 வரை மெல்பேண் முதல்வனாய் வீற்றிருந்தது. பின்னர்ப் பெரும்பாலும் வியன்னாவும், 2025இல் கொப்பன்ஹேகனும் அவ்விடத்தைப் பெற்றன. மேர்சரின் 2019ஆம் ஆண்டு வாழ்க்கைத் தரப் பட்டியலில் சிங்கப்பூருக்குக் கிடைத்தது இருபத்தைந்தாம் இடம். ஆசியாவுக்கு அதுவே முதலிடம் என்பது வேறு விஷயம். விலையில் முதலாவதாகவும் தரத்தில் இருபத்தைந்தாவதாகவும் உள்ள கடைக்கு நம் தாய்மார் மறுமுறை போவார்களா? எனினும் அறுபது இலட்சம் பேர் அந்தக் கடையிலேதான் குடியிருக்கின்றனர்.

சென்ற டிசெம்பர் விடுமுறையிலே இந்நகரிற் பதினொரு நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் 1985ஆம் ஆண்டு முதல் அங்கே வாழ்கின்றார். பொறியியற் படவரைஞராகச் சென்றவர், அந்நாட்டின் குடியுரிமையும் பெற்று, இப்போது உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியுள்ளார். தோ பாயோ என்னும் பகுதியில், தொடர்மாடி ஒன்றின் ஒன்பதாம் மாடியிலே அவர் வீடு இருக்கின்றது. பிரயாணிகள் படம்பிடிக்கும் கடற்கரை மாளிகைகளையும் சிங்கத்தலை நீரூற்றையும் நான் ஒரு மாலைப்பொழுதில் பார்த்து முடித்துவிட்டேன். அவை பற்றி எழுதுவார் பலர் உளர். மற்றைய நாள்களெல்லாம் தோ பாயோவிலேயே கழிந்தன.

நேயர்கள் முதலில் அந்நாட்டின் அளவை மனத்திற் கொள்ளவேண்டும். சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீற்றர். நம் கொழும்பு மாவட்டம் ஏறத்தாழ 700. அதாவது, கொழும்பு மாவட்டத்தைக் காட்டிலும் சற்றே பெரிய நிலத்தில் ஒரு நாடு முழுவதும் அடங்கியிருக்கின்றது. அதிலும் ஒரு பகுதி கடலைத் தூர்த்துப் பெற்ற நிலமாகும். 1960களில் அதன் பரப்பு 600 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. ஆறு, குளம், வயல், மலைத்தோட்டம் என்று நாம் சொல்லக்கூடியவை அங்கே மிகச் சில. உண்ணும் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் பாலத்தின் வழியும் வந்து சேர்கின்றது. குடிக்கும் நீரிற் பெரும் பங்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வருகின்றது. அவ்வொப்பந்தம் 2061இல் முடிவடையும். அதனாலேயே கழிவுநீரைத் துப்புரவாக்கிப் பயன்படுத்தும் ஆலைகளை 2003 முதலும், கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளை 2005 முதலும் அவர்கள் இயக்கி வருகின்றனர்.

இத்தகைய ஊரிலே பொருள்கள் மலிவாயிருக்க முடியாது என்று எவரும் கூறுவர். ஆனால் அண்ணரோடு முதல்நாட் காலையிலே உணவங்காடிக்குச் சென்றபோது நான் கண்டது வேறு. கூரையிட்ட பெரிய மண்டபம். சுற்றிலும் சிறு சிறு கடைகள். சீனருடைய கோழிச்சோறு, மலாயரின் தேங்காய்ப்பாற் சோறு, நம்மவரின் தோசையும் ரொட்டியும் எல்லாம் அருகருகே. ஐந்து ஆறு வெள்ளிக்கு வயிறு நிறையச் சாப்பிடலாம். (டொலரை அங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்பர். ஒரு வெள்ளி நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்கு மேற்படும்.) கோப்பிக்கு இரண்டு வெள்ளிக்குட் போதும். இவ்வாறான அங்காடிகள் நூற்றுக்கு மேல் உள்ளன. முன்னர்த் தெருவோரங்களிலே வண்டி வைத்து விற்றவர்களை அரசாங்கம் 1970களிலே நீர்க்குழாயும் வடிகாலும் உள்ள மண்டபங்களுக்குள் கொணர்ந்து அமர்த்தியது. 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஸ்தாபனம் இவ்வங்காடிப் பண்பாட்டை மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மேசையிலே ஒரு கைக்குட்டைக் கடதாசிப் பொட்டலத்தை வைத்துவிட்டால் அது 'இடம் பிடித்தாயிற்று' என்பதற்கு அடையாளமாம். அதை எவரும் அகற்றுவதில்லை. நம்மூர் பஸ்ஸிலே குடையை வைத்து இடம் பிடிப்போர் இதை அறிந்தால் மகிழ்வர்.

இவ்வளவுக்குச் சோறு கிடைக்கும் ஊர் உலகத்திலேயே செலவு மிகுந்த ஊராவது எவ்வாறு? பட்டியல் செய்வோரின் கூடையை ஆராய்ந்தால் விடை கிடைக்கும். எக்கொனமிஸ்ற் ஆய்வாளர் இருநூறுக்கு மேற்பட்ட பண்டங்களதும் சேவைகளதும் விலைகளை நகரந்தோறும் திரட்டி, எல்லாவற்றையும் அமெரிக்க டொலருக்கு மாற்றி, நியூயோர்க்கின் விலையை நூறு எனக் கொண்டு ஒப்பிடுகின்றனர். அந்தக் கூடையில் அரிசியும் பாணும் உண்டு. அவற்றோடு மதுவகைகள், மோட்டார் வண்டி, தனியார் பாடசாலைக் கட்டணம், வீட்டு வேலையாளின் சம்பளம் ஆகியனவும் உண்டு. ஏனெனில் இக்கணக்கு முதன்முதல் எழுந்தது, வெளிநாடு செல்லும் தம் உத்தியோகத்தருக்கு எவ்வளவு படிப்பணம் கொடுக்கலாம் என்று கம்பனிகள் அறிந்துகொள்வதற்காகவே. இலண்டனிலிருந்து வரும் வங்கி முகாமையாளர் ஒருவரின் சட்டைப்பைக்கு ஏற்ற கூடை அது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் வெளிநாட்டு உத்தியோகத்தரின் கூடையையும் சாதாரண குடிமக்களின் கூடையையும் பிரித்துக் கணக்கிட்டபோது, முன்னதில் மிக முன்னே நின்ற அந்நகரம் பின்னதில் வெகுதூரம் பின்னே சென்றுவிட்டது.

மோட்டார் வண்டி விஷயம் ஒன்றே போதும். சிங்கப்பூரில் வண்டி வாங்க விரும்புவோர் வண்டிக்கு விலை கொடுக்கு முன்னர், அதனை வைத்திருக்கும் உரிமைக்கு விலை கொடுக்கவேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் என்னும் இத்திட்டம் 1990ஆம் ஆண்டு தொடங்கியது. மாதம் இருமுறை ஏலம். எடுத்த சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கே செல்லும். 2023 ஒக்டோபரிலே பெரிய கார்களுக்கான சான்றிதழ் ஒன்று ஒன்றரை இலட்சம் வெள்ளிக்கு விலைபோயிற்று. நம் பணத்திலே மூன்று கோடி ரூபாய்க்கு மேல்! வண்டியின் விலையும் வரியும் அதற்கு வேறு. 2023இல் உலகிலேயே போக்குவரத்துச் செலவு மிகுந்த நகரம் சிங்கப்பூர் என்று பட்டியலார் எழுதியதற்குக் காரணம் இதுவே. ஆனால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் புகையிரதத்திற் செல்ல மூன்று வெள்ளியும் ஆகாது. அண்ணர் நாற்பது ஆண்டுகளாக அங்கே சொந்த வண்டியின்றியே வாழ்கின்றார். அதை ஒரு குறையாக அவர் கருதவுமில்லை. நடைபாதைகளுக்குக் கூரை இட்டிருக்கின்றார்கள். மழைக்காலத்திலே நிலையத்திலிருந்து வீடுவரை நனையாது வந்தோம். வீதியை அகலித்தால் நெரிசல் குறையும் என்று நம்பும் நம் நகரத் தந்தையர் ஒருமுறை சென்று இதனைக் காணல் நன்று.

இன்னொரு காரணம் சற்று நுணுக்கமானது. மாணவர்கள் ஊன்றி வாசிக்க. சிங்கப்பூர் நாணய அதிகார சபை 1981 முதல், வட்டி வீதத்தை ஏற்றியிறக்குவதைக் காட்டிலும் நாணயத்தின் மாற்று விகிதத்தைக் கொண்டே விலைவாசியை அடக்கி வருகின்றது. எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கும் நாடு ஆகையால், தன் வெள்ளி வலுவாயிருந்தால் இறக்குமதி அரிசியும் எண்ணெயும் குடிமக்களுக்கு மலியும். ஆனால் அதே வலுவான வெள்ளியை அமெரிக்க டொலருக்கு மாற்றிக் கணக்கிடும்போது அந்நகரம் விலையுயர்ந்ததாகத் தோன்றும். குடிமகனின் சமையலறையைக் காக்கும் கொள்கை, பட்டியலிலே நகரத்தை மேலே தள்ளுகின்றது. இதன் மறுபுறத்தை நாம் 2022ஆம் ஆண்டு கண்ணாற் கண்டோம். டொலர் ஒன்று இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவியது. செப்டெம்பரிலே பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டிற்று. பருப்பும் மாவும் எரிவாயுவும் நமக்கு எட்டாக் கனியாயின. அதே வேளையில் டொலர் கொண்டுவந்த வெளிநாட்டாரின் கணக்கிலே கொழும்பு மலிவாயிற்று! செலவு குறைந்த நகரம் என்று எங்கேனும் வாசித்தால், யார் பணத்திற் குறைந்தது என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

உலகச் சந்தையையே தன் வயலாகக் கொண்டு ஒரு நகரம் வாழமுடியும் என்று 1972ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் சிங்கப்பூரின் முதலாவது வெளிவிவகார அமைச்சர் சி. இராஜரத்தினம். 1915இல் நம் வட்டுக்கோட்டையிற் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். சுற்றிலும் விளைநிலம் இல்லாத ஊருக்கு உலகமே பின்னிலமாகும் என்பது அவர் பேச்சின் சாரம். அப்போது அதனைப் பலர் கற்பனை என்றிருப்பர். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராகவும் சென்ற தலைமுறையின் சுவடுகள் அங்கே இன்னும் அழியவில்லை. கிழக்குப் பகுதியில் 'சிலோன் வீதி' என்றே ஒரு வீதி உண்டு. அங்கே நம்மவர் எழுப்பிய செண்பக விநாயகர் ஆலயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வழிபட்டோம். 2023இல் அந்நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்ட தர்மன் சண்முகரத்தினமும் இலங்கைத் தமிழ் வழித்தோன்றலே. 1956இல் கொழும்புக்கு வந்த லீ குவான் யூ இந்நாட்டை மதிப்போடு நோக்கிய கதையை நம் மேடைப் பேச்சாளர்கள் ஓயாது ஓதி வருவதால், அதனை இங்கே விடுத்து மேற்செல்கின்றேன்.

நான் புறப்படுவதற்கு முந்திய வாரம், என்னிடம் கல்வி பயின்ற மாணவன் ஒருவனின் தாயார் வீட்டுக்கு வந்தார். மகன் பொறியியற் பட்டதாரி. சிங்கப்பூரில் உத்தியோகம் ஒன்று கைகூடியிருந்தது. தாயார் கையிலே ஒரு பத்திரிகைத் துண்டு.

"மாஸ்ரர், அது உலகத்திலேயே செலவு கூடின ஊராமே. பிள்ளை உழைக்கிறதெல்லாம் அங்கையே முடிஞ்சுபோகுமெல்லே? நீங்கள் போற இடத்திலை ஒருக்கா விசாரிச்சுக்கொண்டு வாருங்கோ" என்றார்.

தந்தையில்லாத வீடு. இளைய பெண் இருவர் இன்னும் படிக்கின்றனர். ஆகையால் இவ்விசாரணையைச் சற்று அக்கறையோடே செய்தேன். அவனைப் போன்ற பட்டதாரிக்கு அளிக்கப்படும் வேலை அனுமதிக்கு, 2025 ஜனவரி முதல், மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி இருக்கவேண்டும். வயது ஏற அத்தொகையும் ஏறும். தொடர்மாடி வீடொன்றில் ஓர் அறைக்கு வாடகை ஆயிரம் வெள்ளியளவு. மூன்று வேளையும் அங்காடியிற் சாப்பிட்டால் மாதம் ஐந்நூறு. போக்குவரத்துக்கு நூறு, சற்று முன்பின். தொலைபேசி, உடுப்பு, மருந்து, எப்போதாவது ஒரு திரைப்படம் எல்லாம் சேர்த்தாலும் தனியாள் ஒருவன் இரண்டாயிரம் அல்லது இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளியுள் மரியாதையாக வாழலாம். வருமான வரி குறைவு. வெளிநாட்டார் அந்நாட்டுச் சேமநிதிக்குப் பணம் கட்டவேண்டியதுமில்லை. செலவிலே முதலிடம் பெற்ற ஊரிலிருந்து சம்பளத்தின் பாதியை வீட்டுக்கு அனுப்புவது இயலாத காரியமன்று.

இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டு அண்ணரிடம் காட்டியபோது அவர், "தம்பி, கணக்குச் சரி. ஆனால் இன்னும் இரண்டு தொகையை எழுதிக்கொள்ளும்" என்றார்.

அவை யாவை எனில்: மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து உடன் வைத்திருக்க விரும்பினால் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். பெற்றோரை உடன் வைத்திருக்க 12,000 வெள்ளி வேண்டும். பட்டியலார் கூடையிலே பாற்கட்டி உண்டு, மதுப்போத்தல் உண்டு, தாய் இல்லை. தாயாரிடம் ஊருக்கு வந்ததும் அறை வாடகை முதலிய கணக்கைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பன்னீராயிரம் வெள்ளிக் கணக்கையும் மறையாது சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்து, "நான் இங்கை இருப்பன் மாஸ்ரர். பெட்டையளைப் பார்க்க ஆள் வேணும்தானே" என்றார். பையன் மாசியிலே புறப்பட்டுச் சென்றான்.

அவனேனும் பட்டதாரி. ஞாயிற்றுக்கிழமை மாலையிலே தேக்கா என்று தமிழர் அழைக்கும் 'லிட்டில் இந்தியா' பகுதிக்குச் சென்றால் வேறொரு கூட்டத்தைக் காணலாம். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றனர். வாரத்தில் அவர்களுக்கு அது ஒருநாள். மரக்கறி வாங்குவோர், ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்போர், புல்தரையிலே அமர்ந்து தொலைபேசியிற் குழந்தையின் முகம் பார்ப்போர். புதுக்கோட்டையைச் சேர்ந்த இளைஞர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். மாதம் எண்ணூறு வெள்ளியளவு கிடைக்கின்றது என்றார். "மொத வருஷச் சம்பளம் ஏஜெண்டுக் கடனுக்கே போச்சு சார். இப்பத்தான் வீட்டுக்கு அனுப்புறேன்" என்றார். இவர்கள் குடும்பத்தை அழைத்துவர எத்தொகைக்கும் அனுமதி இல்லை. நகருக்குப் புறத்தே பல்லாயிரவர் தங்கும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பலராய் உறங்குகின்றனர். 2020இல் கொரோனா நோய் பரவியபோது அந்நாட்டின் நோயாளருட் பெரும்பான்மையினர் இவ்விடுதிகளிலேயே காணப்பட்டனர். விடுதிகளின் தரத்தை உயர்த்தும் விதிகள் அதன் பின்னரே வேகம் பெற்றன. மனைகளுள் வேலை செய்யும் பெண்கள் இரண்டரை இலட்சத்துக்கு மேல். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் முதலிய நாட்டாரோடு நம் நாட்டுப் பெண்களும் அவர்களுள் உளர். வாராந்த ஓய்வுநாள் அவர்களுக்குச் சட்டப்படி உரியதானது 2013ஆம் ஆண்டிலேதான். உணவங்காடியின் சோறு மலிவாயிருப்பதற்கும், நடைபாதையின் கூரை பளபளப்பதற்கும், இத்தகைய கைகளின் மலிவும் ஒரு காரணம் என்பதை மறைத்துப் பேசுதல் தகாது.

இனி வாழத்தக்க தன்மைக்கு இடப்படும் புள்ளிகளைப் பார்ப்போம். எக்கொனமிஸ்ற் ஆய்வாளர் ஐந்து பிரிவுகளாகப் புள்ளியிடுகின்றனர். அமைதியும் பாதுகாப்பும் நூற்றுக்கு 25, மருத்துவம் 20, பண்பாடும் சுற்றாடலும் 25, கல்வி 10, வீதி நீர் முதலிய கட்டுமானம் 20. கல்விக்குப் பத்தே புள்ளி என்பதில் ஓர் ஆசிரியன் மகிழ்ச்சி அடையமாட்டான் என்பதை நேயர்கள் ஊகிக்கலாம். 2022ஆம் ஆண்டு பதினைந்து வயது மாணவருக்கு நடத்தப்பட்ட சர்வதேசப் பரீட்சையிலே கணிதம், விஞ்ஞானம், வாசிப்பு மூன்றிலும் சிங்கப்பூர் முதலாவதாக வந்தது. மருத்துவமும் கட்டுமானமும் அவ்வாறே மேலானவை. பின் எங்கே புள்ளி குறைகின்றது? பண்பாடும் சுற்றாடலும் என்னும் பிரிவிலே வெப்பநிலைக்கும் ஈரப்பதனுக்கும் ஒரு கணக்கு உண்டு. தணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை தூரத்தில் இருப்பது ஓர் ஊரின் குற்றமாயின், நம் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் பிறவியிலேயே தோற்றவை! வியன்னாவில் மார்கழி மாதத்திலே வீதி உறைபனியாய் இருப்பதை எவரும் குறையாகச் சொல்வதாய்த் தெரியவில்லை. ஆயினும் தணிக்கையைப் பற்றிய குறைப்புள்ளி நியாயமானதே. பேச்சுரிமைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் அங்கே உள்ள கட்டுப்பாடுகள் பலராலும் அறியப்பட்டவை. அண்ணர் வீட்டிலே அரசியல் பேச்சு எழுந்தபோது மைத்துனியார் யன்னலைச் சாத்தவில்லை. ஆனால் பேச்சை மாற்றினார்.

வியன்னா முதலிடம் பெற்றதற்குரிய காரணங்களுள் ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. அந்நகர மக்களிற் பாதிப்பேர்வரை நகரசபை கட்டிய வீடுகளிலோ அரசாங்க உதவி பெற்ற வீடுகளிலோ வாழ்கின்றனர். 1920களில் அந்நகரசபை தொடங்கிய பணி அது. சிங்கப்பூரிலோ குடிகளுள் நூற்றுக்கு எண்பது பேரளவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய தொடர்மாடிகளில் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலார் அவற்றைத் தம் சொந்தமாக வாங்கியவர்கள். ஒரு பட்டியலில் முதலாவதாய் வந்த நகரமும், மற்றப் பட்டியலில் முதலாவதாய் வந்த நகரமும், வீட்டை முற்றிலும் சந்தையின் கையில் விடாத நகரங்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

அக்கழகம் 1960 பெப்ரவரியிலே தோன்றியது. மறு ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியிலே தீப்பற்றி ஏறத்தாழப் பதினாறாயிரம் பேர் வீடிழந்தனர். அவ்விடத்திலேயே விரைந்து மாடிவீடுகள் எழுப்பியமை கழகத்தின் பெயரை நிலைநாட்டியது. 1966ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தினால் அரசாங்கம் குறைந்த விலைக்கு நிலங்களை எடுத்துக்கொண்டது. 1968 முதல் மத்திய சேமநிதியிலுள்ள பணத்தைக் கொண்டே வீடு வாங்க அனுமதித்தது. நம் ஊழியர் சேமலாப நிதி 1958இல் தோன்றியது. அதிலே தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து நூற்றுக்கு இருபது பங்கு கட்டுகின்றனர். சிங்கப்பூரின் நிதி 1955இல் தோன்றியது. அங்கே ஐம்பத்தைந்து வயதுவரை முப்பத்தேழு பங்கு. அண்ணர் தம் வீட்டுக்காகக் கைப்பணமாகக் கொடுத்தது மிகச் சிறிதே என்றார். மீதியெல்லாம் அந்நிதியிலிருந்தே மாதந்தோறும் கழிந்திருக்கின்றது. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாயர், இந்தியர் இத்தனை பங்குக்கு மேற்படலாகாது என்று ஒரு விதி உண்டு. சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்குவோர் தொகை குறைவதால் விலையும் குறைகின்றது என்பது அதன் மேலுள்ள முறைப்பாடு. ஆயினும் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்திலே ஒரு சனிக்கிழமை மலாயர் திருமணப் பந்தலும், அடுத்த கட்டடத்திலே சீனர் ஒருவரின் மரணச் சடங்கும் நடந்ததைக் கண்டேன். இரண்டுக்கும் அண்ணர் சென்றுவந்தார்.

விலை இப்போது ஏறிவிட்டது. கைமாறும் பழைய வீடுகளுள் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல் விலைபோனவை 2024இல் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டன. அண்ணரின் மகள் திருமணம் நிச்சயமானவள். அவளும் மணமகனும் கழகத்திடம் புதுவீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கட்டிமுடியும் நாளுக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்கவேண்டியவர்கள். "வீட்டைத் தான் சீதனமாய்க் குடுக்கலாமே அண்ணை?" என்று நான் நகையாடினேன்.

அவர் எழுந்து சென்று அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துவந்தார். அவ்வீட்டின் பத்திரம் அதில் இருந்தது. தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை. கட்டடம் 1970களின் தொடக்கத்திலே எழுந்தது. ஆகவே எஞ்சியிருப்பது ஐம்பது ஆண்டுக்கும் குறைவு. குத்தகை முடிந்தால் வீடு அரசாங்கத்துக்கு மீளும். கேலாங் பகுதியிலே 1960ஆம் ஆண்டு அறுபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 191 வீடுகளை, 2020 டிசெம்பர் 31ஆந் திகதி, நட்டஈடு ஏதுமின்றி அரசாங்கம் மீளப் பெற்றுக்கொண்டதை அவர் எடுத்துச் சொன்னார். காணியை உயிரினும் பெரிதாய் எண்ணி, வேலிக் கதியாலுக்கு வழக்காடும் ஊரிலே பிறந்த எனக்கு அது கேட்கச் சகிக்கவில்லை. காலக்கெடு எழுதிய வீட்டிலே எப்படி நிம்மதியாய் உறங்குகின்றீர் என்று கேட்டேன்.

அண்ணர் மறுமொழி கூறவில்லை. கோப்பின் அடியிலிருந்து மஞ்சள் பாரித்த வேறோர் உறுதியை எடுத்து மேசையில் வைத்தார். வலிகாமம் வடக்கிலே எட்டுப் பரப்புக் காணியும் கல்வீடும். அவர் தாயாரின் சீதனம். எல்லை நான்கும் தெளிவாக எழுதி, ஆண்டனுபவிக்க என்று முத்திரையிட்ட நொத்தாரிசு உறுதி. காலக்கெடு ஏதும் அதில் இல்லை. 1990 ஆனியிலே அவர் பெற்றோர் அவ்வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியேறினர். காணி பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. அயலிலுள்ள சில காணிகள் விடுவிக்கப்பட்டுவிட்டன. இது இன்னும் இல்லை. இரண்டு பத்திரங்களையும் அவர் மீண்டும் ஒரே கோப்பிலிட்டுக் கட்டி, அலுமாரியில் வைத்தார். மைத்துனியார் கோப்பி கொண்டுவந்தார். தொலைக்காட்சியிலே தமிழ்ச் செய்தி தொடங்கியிருந்தது.